எண்ணெய் டின் அடுப்பும் இரண்டு பிடி தணலும்: காவலூர்ப் பக்கம் ஏழு பேருக்குச் சமைத்த கதை

போன வருஷம் பொங்கல் முடிந்து ஏலகிரியில் முதல் தடவையாகக் கூடாரம் போட்டுத் தங்கினோம். அத்தனாவூர் தாண்டித் தெரிந்தவர் ஒருவரின் பட்டா நிலம். குளிரும் காற்றும் அருமை, சாப்பாடுதான் கைகொடுக்கவில்லை. திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பைப் போட்டு ஒன்றேகால் மணி நேரம் எரித்தும் நசுங்கவில்லை. சாதம் அடியில் கருகி, மேலே அரிசியாகவே நின்றது. மறுநாள் மதியத்துக்கு வைத்திருந்த கோழிக்கறியில் காலையிலேயே வாடை வந்துவிட்டது, அப்படியே குழி தோண்டிப் புதைத்தோம். பிள்ளைகள் இரண்டு பேரும் பிஸ்கட்டும் வாழைப்பழமும் தின்றுவிட்டுப் படுத்தார்கள். எனக்கு அன்றைக்குத் தூக்கமே வரவில்லை.

இந்தத் தை மாதம் மறுபடி கூடாரத்தோடு கிளம்பினோம், இந்தத் தடவை ஏலகிரி இல்லை, ஜவ்வாது மலையில் காவலூர்ப் பக்கம். நடுவில் இருந்த மாதங்களில் ஒரு அடுப்பு செய்தேன், போன தடவை எது எதனால் கெட்டது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

பருப்பு வேகாததற்குக் காரணம் மலைதான். ஏலகிரி ஆயிரம் மீட்டருக்கு மேல் இருக்கிறது. ஏறக்குறைய முந்நூறு மீட்டர் ஏறினால் தண்ணீர் கொதிக்கும் சூடு ஒரு டிகிரி இறங்கும். கீழே 100 டிகிரியில் கொதிப்பது மேலே 96, 97-லேயே தளதளவென்று கொதிக்கும். எத்தனை விறகு போட்டாலும் அதற்கு மேல் சூடு ஏறாது. துவரம்பருப்புக்கு அது போதாது. குக்கர் எடுத்துப் போக வேண்டும், இல்லையென்றால் பாசிப்பருப்போடு நிறுத்திக்கொள்ள வேண்டும். நாங்கள் ஐந்து லிட்டர் குக்கர் ஒன்றை எடுத்துக்கொண்டோம்.

சாதம் கருகியதற்குக் காரணத்தை அம்மா ஏலகிரியிலேயே சொல்லியிருந்தார். "தீ தண்ணிக்குடா, தணல் சோத்துக்கு. நீ கடைசி வரைக்கும் தீயிலயே வச்சா இன்னா ஆவும்?" நான்தான் அப்போது காதில் வாங்கவில்லை. காஸ் அடுப்பில் குமிழைத் திருகிப் பழகிய கை, விறகிலும் அப்படியே நடக்கும் என்று நினைத்துவிட்டது. விறகு அடுப்பில் குமிழ் கிடையாது. பெருந்தீக்கு ஒரு அடுப்பு, தணலுக்கு வேறு ஒரு இடம் என்று இரண்டாகப் பிரித்தால்தான் சூடு நம் கைக்குள் வரும். இந்தத் தடவை எல்லாவற்றையும் இதை வைத்துத்தான் திட்டமிட்டேன்.

முதலில் தீ அடுப்பு. காட்பாடியில் ஒரு மெஸ்ஸில் பதினைந்து கிலோ எண்ணெய் டின் ஒன்று வாங்கினேன். மேல் தகட்டை முழுதாக வெட்டி எடுத்தேன். ஒரு பக்கத்தில், அடியிலிருந்து மூன்று சென்டிமீட்டர் விட்டு, பதினைந்து அகலம் பதின்மூன்று உயரத்துக்கு வாய் திறந்தேன். வெட்டிய தகட்டை முழுதாக எடுத்துவிடாமல் கீழ்ப்பக்கம் மடக்கி விட்டால் விறகு தாங்க ஒரு நாக்கு கிடைக்கும். தகட்டின் விளிம்பு கத்தி மாதிரி இருக்கும், உள்ளே மடித்துச் சுத்தியால் தட்டிவிட வேண்டும். என் கட்டைவிரலில் இன்னும் கோடு இருக்கிறது. உள்ளே குறுக்காக நான்கு எட்டு மில்லி கம்பி. விறகு அதன் மேல் கிடக்கும், காற்று அடியில் போகும், சாம்பல் கீழே விழும்.

தகடு மட்டும் என்றால் சூட்டில் பாதி பக்கவாட்டில் போய்விடும். அதனால் உள்ளே மண் பூச வேண்டும். ஏரி வண்டல் இரண்டு பங்கு, நெல் உமி ஒரு பங்கு. ஆற்காட்டுப் பக்கம் அரிசி ஆலைகளில் உமிக்குப் பஞ்சமில்லை. ஒரு நாள் ஊறவைத்துக் காலால் மிதித்தேன். நடுவில் நாலு அங்குல பிவிசி குழாய்த் துண்டை நிறுத்தி, சுற்றிலும் மண்ணை அடைத்து, கொஞ்சம் இறுகியதும் குழாயைத் திருகி உருவி எடுத்தேன். அதுதான் புகைபோக்கி மாதிரி தீயை மேலே இழுக்கும் வழி. சூடேறும்போது உமி எரிந்துபோய் மண்ணுக்குள் பொடிப்பொடி ஓட்டைகள் விட்டுப் போகும், அந்த ஓட்டையில் இருக்கும் காற்றுதான் சூட்டை வெளியே விடாமல் காக்கும்.

இங்கே அவசரப்பட்டேன். வெயிலில் வைத்து நாலாம் நாளே பெருந்தீ மூட்டினேன். விரல் நுழையும் அளவுக்கு மூன்று இடத்தில் வெடித்தது. ஒரு துண்டு கையோடு வந்துவிட்டது. வெடிப்பை நனைத்து, வண்டலும் சலித்த சாம்பலும் சமமாகக் குழைத்து அழுத்தி அடைத்தேன். பிறகு பத்து நாள் நிழலில். அதற்கப்புறம் மூன்று நாள், தினமும் காகிதமும் சுள்ளியும் மட்டும் போட்டுச் சின்னத் தீ. நான்காம் நாள்தான் விறகு. பிடித்துக்கொண்டது.

இன்னொரு திருத்தமும் செய்ய வேண்டியிருந்தது. பாத்திரத்தை டின் வாயில் நேராக உட்காரவைத்தேன், புகையெல்லாம் முன் வாய் வழியாக என் கண்ணுக்கு வந்தது. போகும் வழியை நானே மூடிவிட்டிருக்கிறேன். மேல் விளிம்பில் மூன்று போல்ட் நட்டு, பாத்திரம் இரண்டு சென்டிமீட்டர் தூக்கி நிற்கும்படி செய்ததும் தீ ஊதாமலே சீறி எரிந்தது. மொத்த எடை இருபது கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. தோளில் தூக்கிக்கொண்டு மலையேறுகிறவர்களுக்கு ஆகாது, கார் டிக்கியில் வைத்துப் போகிற குடும்பத்துக்குப் போதும்.

தணலுக்குத் தனி ஏற்பாடு எதுவும் வேண்டாம். மூன்று கல், நடுவில் ஒரு சாண் ஆழத்துக்குக் குழி. அவ்வளவுதான்.

விறகு வீட்டிலிருந்தே கொண்டுபோனேன், பன்னிரண்டு கிலோ, பாதி புளி, பாதி வேலிகாத்தான். வேலிகாத்தான் தணல் சீக்கிரம் சாம்பலாகாது, மூடியை ஒட்டித் தணலில் பிரியாணியைப் புழுங்கவைக்கிற 'தும்' முறைக்கு அதைவிட நல்லது எனக்குத் தெரியாது. ஜவ்வாது மலையில் பொறுக்கிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். காப்புக்காட்டில் தீ மூட்டுவது 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். அது சந்தன மரம் வளர்கிற மலை வேறு. காய்ந்த கட்டை என்று கையில் எடுத்தாலும் கேள்வி வரும். நாங்கள் தங்கியது மாமாவின் சிநேகிதருடைய சொந்த நிலம், கேழ்வரகு அறுத்து முடித்த மேடு. தாள் கட்டையை ஆறடி சுற்றளவுக்குச் சுத்தமாகச் செதுக்கி, தண்ணீர் தெளித்த பிறகுதான் அடுப்பை இறக்கினோம்.

நானும் மனைவியும் பிள்ளைகள் இரண்டு பேரும், அம்மா, அக்கா, மாமா. சனிக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கிளம்பி, அணைக்கட்டு, ஒடுகத்தூர் வழியாக ஆலங்காயம். அம்மாவுக்கு இது எல்லாமே இன்னும் வட ஆற்காடுதான். திருவண்ணாமலை பிரிந்தது 1989-ல், வேலூர் மூன்றாகப் பிரிந்தது 2019-ல், காவலூர் இப்போது திருப்பத்தூர் மாவட்டம் என்று மாமா விளக்கிக்கொண்டே வந்தார். "எந்த மாவட்டமோ, கத்திரிக்காய் எங்க நல்லா இருக்கும்னு எனக்குத் தெரியும், வண்டியை நிறுத்து" என்றார் அம்மா. இலவம்பாடி முள் கத்திரிக்காய் ஒன்றரைக் கிலோ வாங்கினோம். காம்பில் முள் குத்தும், பிடிக்கப் பார்த்துப் பிடிக்க வேண்டும். வேலூர் முள் கத்திரிக்காய் என்று புவிசார் குறியீடு வாங்கியிருக்கிற காய் இதுதான். கோழிக்கறியும் பாலும் ஆலங்காயத்தில்தான் வாங்கினோம். கறியை முதல் நாள் சாயங்காலமே சமைத்துவிடுவது என்று போன தடவையே முடிவெடுத்தாகிவிட்டது. ஐஸ் பெட்டியை நம்பி மறுநாளுக்கு வைக்கிற பேச்சே இல்லை.

அன்றைய சாப்பாடு ஆம்பூர் முறைப்படி பிரியாணி. காட்டில் எதற்கு இது என்று தோன்றலாம். ஆனால் அடித்தளத்தை வீட்டில் முடித்துவிட்டால் இதைவிடச் சுலபமான ஒரு சாப்பாடு இல்லை. காய்ந்த மிளகாய் இருபதை வெந்நீரில் ஊறவைத்து அரைத்த விழுது ஒரு பாட்டில், இஞ்சி பூண்டு விழுது ஒரு பாட்டில், இரண்டின் மேலும் ஒரு விரல் எண்ணெய் ஊற்றிக் குளிர வைத்தது. வெங்காயம் நறுக்கி டப்பாவில். பட்டை, கிராம்பு, ஏலக்காய் ஒரு பொட்டலம். அங்கே நறுக்க வேண்டியது தக்காளியும் புதினாவும் மட்டும். சீரக சம்பா ஒரு கிலோ, கறி ஒரு கிலோ. ஆம்பூரில் அரிசிக்குச் சரிக்குச் சரி கறி போடுவார்கள், அதில் நான் குறைக்கவில்லை.

டின் அடுப்பில் நல்ல தீயில் எண்ணெய், பட்டை வகைகள், வெங்காயம், இஞ்சி பூண்டு, மிளகாய் விழுது, தக்காளி, தயிர், கறி. இதெல்லாம் தீயின் வேலை, கிளறிக்கொண்டே இருப்பதால் அடிப்பிடிக்காது. கறி முக்கால் வேக்காடு ஆனதும் இறக்கி வைத்துவிட்டு, அதே தீயில் இன்னொரு பாத்திரத்தில் தாராளமாகத் தண்ணீர் கொதிக்கவைத்து, உப்புப் போட்டு, அரை மணி ஊறிய அரிசியைக் கொட்டினோம். அரிசியை நகத்தால் கிள்ளினால் நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிய வேண்டும், அந்த நேரத்தில் வடித்து மசாலாவில் சேர்த்துவிட வேண்டும். கஞ்சியை எப்படி வடிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அக்கா பழைய மூங்கில் தட்டு ஒன்றை எடுத்து வந்திருந்தார். "தம்பி, நீ அடுப்பை மட்டும் பாரு" என்றார்.

இனிமேல் தீ கிட்டேயே வரக் கூடாது. இத்தனை நேரம் எரிந்ததில் டின்னுக்குள் நல்ல தணல் சேர்ந்திருந்தது. வாரி எடுத்துக் கல் அடுப்புக் குழியில் ஒரே வரிசையாகப் பரப்பினேன். மேலே சாம்பல் லேசாகப் பூத்து, கையை ஒரு சாண் உயரத்தில் பிடித்தால் ஐந்து எண்ணும் வரை தாங்க முடிகிற சூடு. அதன் மேல் பாத்திரம். மூடிக்கும் விளிம்புக்கும் நடுவில் மைதா பிசைந்து ஒட்டினோம். மூடி மேல் இரண்டு பிடி தணல். அடியில் குறைவு, மேலே கொஞ்சம் அதிகம், இந்தக் கணக்குத்தான் தும். இருபது நிமிடம், பிறகு மேல் தணலைத் தள்ளிவிட்டுப் பத்து நிமிடம் சும்மா விட்டோம். திறந்தபோது ஒரு பருக்கை அடியில் ஒட்டவில்லை. அம்மா ஓரத்திலிருந்து கரண்டி விட்டு அடி வரைக்கும் எடுத்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் முதல் தட்டை என்னிடம் நீட்டினார். இந்த ஒரு வருஷத்தில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய சந்தோஷம் அது.

ஆம்பூர், வாணியம்பாடிக் கல்யாண வீடுகளில் பிரியாணியோடு பிரெட் அல்வா வைப்பார்கள். மகள் அதைத்தான் கேட்டிருந்தாள். நானூறு கிராம் பிரெட்டைத் துண்டாக்கி நெய்யில் பொன்னிறமாக வறுத்து டப்பாவில் அடைத்து எடுத்துப் போனோம், அதனால் அங்கே பதினைந்து நிமிட வேலைதான். கால் கிலோ சர்க்கரையில் ஒரு டம்ளர் தண்ணீர் விட்டுக் கரைத்துக் கொதிக்கவிட்டு, அரை லிட்டர் காய்ச்சிய பால், பிறகு வறுத்த பிரெட். கரண்டியால் மசித்துக்கொண்டே வந்தால் உறிஞ்சிக்கொண்டு திரளும். கடைசியில் நெய், முந்திரி, ஏலக்காய். இதுவும் தணலில்தான். தீயில் வைத்தால் பால் அடிப்பிடித்த வாசம் முழு அல்வாவையும் கெடுத்துவிடும். வீட்டில் ஒத்திகை பார்த்தபோது அப்படிக் கெட்டது, அதனால் அடித்துச் சொல்கிறேன்.

அல்வா திரளும் வரை பிள்ளைகளை மாமா மேட்டுக்குக் கூட்டிப் போய் வானத்தைக் காட்டினார். காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது, அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் இயங்குகிறது. யுரேனஸ் கிரகத்தைச் சுற்றி வளையங்கள் இருப்பதை 1977-ல் கவனித்த இடங்களில் காவலூரும் ஒன்று. அந்த மலையில் ஏன் வானாய்வகம் வைத்தார்கள் என்பது அந்த இருட்டில் நின்றால் தானாகப் புரியும். நாங்களும் டார்ச்சை அணைத்துவிட்டு, தணல் வெளிச்சத்திலேயே அல்வா சாப்பிட்டோம்.

படுக்கப் போகும் முன் சர்க்கரைவள்ளிக் கிழங்கு ஏழைச் சூடான சாம்பலில் புதைத்தேன். பொங்கல் சமயம் என்பதால் எங்கே பார்த்தாலும் கிழங்கு. தணலில் நேராகப் போட்டால் தோல் கரியாகும், உள்ளே பச்சையாக இருக்கும். சாம்பலுக்குள் புதைத்து, சாம்பலின் மேல் தணல் போட வேண்டும். முக்கால் மணி நேரம். இரண்டாகப் பிளந்து, நெய் ஒரு சொட்டு, நாட்டுச் சர்க்கரை ஒரு சிட்டிகை. அல்வா சாப்பிட்ட வயிற்றில் இடமிருக்காது என்று நினைத்தேன், மகன் ஒன்றரைக் கிழங்கு சாப்பிட்டான். இனிப்பு ஒன்றே ஒன்று செய்யத்தான் நேரம் இருக்கிறது என்றால் அல்வாவை விட்டுவிட்டு இதைச் செய்யுங்கள்.

காலையில் குழிப்பணியாரம். இட்லி மாவு எடுத்துப் போனதில் ஒரு தவறு நடந்தது. தூக்குவாளி நிறைய ஊற்றியிருந்தோம், வெயிலில் நின்ற காருக்குள் பொங்கி மூடியைத் தள்ளி டிக்கி முழுக்க வழிந்துவிட்டது. பாதி அளவுதான் ஊற்ற வேண்டும், முதல் நாள் ராத்திரி குளிர்பெட்டியில் வைத்துச் சில்லென்று எடுத்துப் போக வேண்டும். மிச்சம் இருந்த மாவு மலைக் குளிரில் அதற்கு மேல் புளிக்காமல் நின்றது. இரும்புப் பணியாரச் சட்டி தணலில் உட்காரவைத்தால் ஏழு குழியும் ஒரே மாதிரி வேகும். தொட்டுக்கொள்ள வீட்டில் அரைத்த வேர்க்கடலைப் பொடியும் எண்ணெயும்.

மதியம் களி. பயணச் சமையலுக்கென்றே நம் முன்னோர்கள் கண்டுபிடித்தது போல ஒரு சாப்பாடு இது. இரண்டு சாமான், ஒரு பாத்திரம், ஒரு துடுப்பு. கேழ்வரகு மாவு மூன்று டம்ளர், அரிசி நொய் முக்கால் டம்ளர், தண்ணீர் ஒன்பது டம்ளர். தீ அடுப்பில் நொய்யை நன்றாகக் குழைய வேகவைத்து, உப்புப் போட்டு, மாவை ஒரே குவியலாக நடுவில் கொட்டுவார்கள். கிளறவே கூடாது. துடுப்புக் காம்பால் குவியலின் நடுவில் அடி வரைக்கும் ஒரு துளை போட்டுவிட்டுத் தீயை இழுத்துவிட வேண்டும். அந்தத் துளை வழியாகக் கொதி மேலே வந்து மாவை வேகவைக்கும். ஏழெட்டு நிமிடம் கழித்துத்தான் கிளறுவது. அம்மா கவைக் கோலைப் பாத்திரத்தின் இரண்டு காதிலும் மாட்டி, கோலின் இரண்டு முனையையும் பாதத்தால் மிதித்துக்கொண்டு, இரண்டு கையாலும் துடுப்பைச் சுழற்றினார். எழுபது வயதில் அந்தத் தோள் பலம் எங்கிருந்து வருகிறதோ. நான் வாங்கிக் கிளறியபோது ஓரத்தில் கட்டி தட்டியது, உடனே துடுப்பைப் பிடுங்கிக்கொண்டார். கையை நனைத்துக் களியைத் தொட வேண்டும், ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது. ஈரக் கிண்ணத்தில் போட்டு உருட்டினால் உருண்டை.

தொட்டுக்கொள்ள அந்த முள் கத்திரிக்காய்தான். காம்போடு வைத்து, அடியிலிருந்து நாலாகக் கீறிப் புழு இல்லை என்று பார்த்து, எண்ணெய் தடவித் தணல் மேல் திருப்பித் திருப்பிச் சுட்டோம். பச்சை மிளகாய் ஆறும் அங்கேயே. தோல் உரித்து, சின்ன வெங்காயம், உப்பு, ஒரு கோலி அளவு புளி சேர்த்து மத்தால் கடைந்தால் கடைசல் தயார். கீறாமல் முழுசாகச் சுட்டால் உள்ளே ஆவி சேர்ந்து வெடிக்கும், பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும்போது அது வேண்டாம். மகள் களியைச் சாப்பிடுவாளா என்ற கவலை எனக்கு இருந்தது. முதல் உருண்டையை நெய்யும் வெல்லமும் வைத்துச் சாப்பிட்டாள், இரண்டாவது உருண்டைக்குக் கடைசல் கேட்டாள்.

கிளம்பும் முன் சாமைப் பாயசம். சாமை இந்த மலை விளைச்சல், நிலத்துக்காரர் வீட்டிலேயே வாங்கினோம். ஒரு டம்ளர் சாமை, கால் டம்ளர் பாசிப்பருப்பு, ஐந்து டம்ளர் தண்ணீர், குக்கரில் மூன்று விசில். வெல்லத்தை வீட்டிலேயே காய்ச்சி மண் போக வடிகட்டிப் பாகாக எடுத்துப் போனது பெரிய உதவி. பாகு விட்டு ஒரு கொதி வந்ததும் இறக்கிவிட்டுத்தான் தேங்காய்ப்பால். அடுப்பில் இருக்கும்போது ஊற்றினால் திரிந்துவிடும்.

தண்ணீர் இருபது லிட்டர் கேன் மூன்று கொண்டுபோய் இரண்டரை காலியானது. மிச்ச அரைக் கேனையும் குழியில் ஊற்றி, குச்சியால் கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையால் தொட்டுப் பார்த்துச் சூடு இல்லை என்று தெரிந்த பிறகுதான் மண்ணைத் தள்ளி மூடினேன். விறகில் மூன்று கிலோ மிச்சம்.

அடுப்பு இப்போது வீட்டுக் கொல்லையில் இருக்கிறது, அம்மா காலையில் அதில்தான் குளிக்க வெந்நீர் போடுகிறார். மலை ரோட்டுக் குலுக்கலில் புகை வழியின் உள்பக்கம் மயிரிழை வெடிப்பு ஒன்று விழுந்திருக்கிறது, அடித் தகடும் ஒரு மூலையில் துருப்பிடிக்கத் தொடங்கிவிட்டது. தகட்டுக்கு அடியில் வைக்க ஓட்டுத் துண்டு தேடிக்கொண்டிருக்கிறேன். வெடிப்பை அடைக்க நேற்று வண்டல் ஊறப் போட்டாயிற்று.